லெவல் ஒன்றிலேயே நின்றவனுக்கு

மாப்ள,

உன் வீடியோ கேம் கன்ட்ரோலரைத் திருகாணி கழற்றி மேசை மேல் பிரித்துப் போட்டிருக்கிறேன். மூடியைத் திறந்ததும் தைல வாசனை அடிக்கிறது. நெஞ்சில் தேய்த்த கையைத் துடைக்காமல் அப்படியே ஆட உட்கார்ந்துவிடுவாய். கழுவிவிட்டு வா என்றால் கேட்கவே மாட்டாய். அந்தத் தைலம் பொத்தான் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிக் கிடந்து, நீ போய் ஒரு வருஷத்துக்கு மேலான பிறகு கோச்சடையில் என் வீட்டு மேசையில் மணக்கிறது. என் மனைவி எட்டிப் பார்த்து, யாருக்குச் சளி என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இன்வெர்ட்டர் சர்வீஸுக்குப் போகிற வீடுகளில் நானும் எத்தனையோ கன்ட்ரோலர் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் அடிக்கிற பொத்தான்தான் முதலில் தேயும். உன்னுடையதில் அடிக்கிற பொத்தானின் எழுத்து கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கிறது. கேடயத்தைத் தூக்குகிற இடது பக்கப் பொத்தான் மட்டும் வழுவழு என்று தேய்ந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அதன் அடியிலிருந்த ஸ்பிரிங்கும் போய்விட்டது. அதைச் சரிசெய்யத்தான் பிரித்தேன். பிரித்த கையோடு உன்னிடம் கொஞ்சம் சண்டை போட வேண்டும் என்று தோன்றியது. எனக்கு உன் சொந்தக்காரர்கள் மேல் கோபம், முகம் தெரியாத நாலு பேர் மேல் கோபம், உன் மேலும் கோபம். நீ பாதியில் எழுந்து போகாமல் இருந்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

சின்ன வயதில் காய்ச்சல் வந்து உன் இதய வால்வு கெட்டு, ஆபரேஷன் வரைக்கும் போன கதை வில்லாபுரத்தில் உங்கள் தெருவுக்கே தெரியும். தெரிந்ததோடு விட்டார்களா? வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் உன்னை உட்கார வைத்துக்கொண்டே, பாவம், இந்த வயசுல இப்படி என்று உன் அம்மாவிடம் சொல்வார்கள். பாவம் என்பதை உன் பெயருக்கு முன்னால் இனிஷியல் மாதிரி போட்டுவிட்டார்கள். பாலிடெக்னிக்கில் நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த முதல் நாள், மூன்றாவது மாடிக்கு ஏறும்போது நீ பாதிப் படியில் நின்றாய். உன் பையை வாங்கிக்கொள்ளவா என்று கேட்டேன். "நின்னா நில்லு, இல்லேன்னா முன்னாடி போ. பையைத் தொடாத" என்றாய். நான் நின்றேன். அப்படித்தான் நமக்குப் பழக்கம்.

படிப்பு முடிந்ததும் ஒரு கம்பெனியில் எழுத்துத் தேர்வு, நேர்முகம் எல்லாவற்றிலும் உனக்குத்தான் முதலிடம் என்றார்கள். கடைசியாக மருத்துவப் பரிசோதனை. அங்கிருந்த ஆள் உன் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, உன்னிடம் ஒன்றும் சொல்லாமல் வெளியே நின்ற என்னைக் கூப்பிட்டு, வீட்டில் பெரியவர்கள் யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார். உனக்கும் எனக்கும் ஒரே வயது. கடைசியில் உனக்கு வேலை இல்லை என்றுவிட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. உட்கார்ந்து கட்டட வரைபடம் போடுகிற வேலைக்கு எந்த மலையைத் தூக்கச் சொல்லப்போகிறார்கள்?

அன்று சாயங்காலம் உன் மாடி அறையில் அந்த விளையாட்டைப் புதிதாக ஆரம்பித்தாய். வாளும் கேடயமுமாக ஓர் ஆள் பாழடைந்த தேசத்தின் வழியே போய், வழியில் வருகிற பூதங்களையெல்லாம் சமாளித்து, கடைசியில் இரும்பு உடுத்த ஒரு ராட்சசனை வெல்ல வேண்டும். ஒவ்வொரு பூதத்தை வீழ்த்தும்போதும் புள்ளிகள் சேரும். இடையிடையே வரும் கல்மண்டபத்தில் உட்கார்ந்தால், அந்தப் புள்ளிகளைக் கொடுத்து ஆளின் லெவலை ஏற்றலாம். தோளில் வலு ஏறும், உயிர்க்கோடு நீளும். உலகம் முழுக்க எல்லோரும் அப்படித்தான் ஆடுகிறார்கள். நீ மண்டபத்தில் உட்கார்ந்தாய். வளர்க்கட்டுமா என்று திரை கேட்டது. வேண்டாம் என்று அமுக்கினாய்.

"இந்த ஆளை நான் வளக்கப் போறதில்ல மாப்ள. இருக்கிற ஒடம்போட கடைசி வரைக்கும் போய்க் காட்டுறேன்."

நீ போட்ட விதிகள் மூன்று. லெவல் ஒன்றைத் தாண்டக் கூடாது. அடி பட்டால் குடிக்கிற மருந்துக் குப்பியைத் தொடக் கூடாது. மூன்றாவதுதான் உன் குசும்பு: பெரிய பூதங்களோடு மோதும்போது பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஜெயித்தாலும் கணக்கில் வராது. தனியாக ஆடினால் மனுஷன் தன்னையே ஏமாற்றிக்கொள்வான் என்பது உன் வாதம். அந்தச் சாட்சி வேலை எனக்கு. பல வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் நான் பார்த்த உத்தியோகம் அது. பாதி ஆட்டத்தில் கரண்ட் போய் உன் உழைப்பு வீணாகக் கூடாது என்று என் கையாலேயே உங்கள் வீட்டுக்கு இன்வெர்ட்டர் மாட்டிக் கொடுத்தேன்.

லெவல் ஒன்றில் இருப்பவனுக்குப் பெரிய அடி ஒன்று பட்டால் கதை முடிந்தது. ஆகவே அடி வாங்காமல் இருப்பதுதான் முழு வித்தையும். கனமான கேடயம் வேண்டும். ஆனால் வலு ஏறாத ஆள் கேடயத்தையும் சுமந்து இரும்புச் சட்டையும் போட்டால் நகர முடியாது. நீ யோசித்து யோசித்து, சட்டை, தொப்பி, பூட்ஸ் எல்லாவற்றையும் கழற்றி எறிந்தாய். கோவணத்தோடு ஓர் ஆள், கையில் அண்டா மூடி மாதிரி ஒரு கேடயம். முதன்முதலில் பார்த்தபோது நான் நாற்காலியிலிருந்து விழுந்து சிரித்தேன். உன் அம்மா என்னவோ ஏதோ என்று அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து, திரையைப் பார்த்துவிட்டு, துணியைக் கொடுத்து மூடச் சொல்லுடா என்றார்.

புதிதாக ஒரு பூதம் வந்தால் முதல் நாள் நீ அதை அடிக்கவே மாட்டாய். எதிரில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாய். அது எந்தத் தோளை முதலில் தூக்குகிறது, எந்த வீச்சைக் கேடயத்தில் தாங்கலாம், எதற்கு விலகித்தான் ஆக வேண்டும் என்று முணுமுணுப்பாய். எனக்குப் பொறுமை போய், ஒரு போடு போடேன் என்பேன். "அடிக்கிறது எந்நேரமும் அடிக்கலாம். அவன் என்ன செய்யப்போறான்னு பாக்குறதுதான் வேலை" என்பாய். பெரிய ஆளைக் கண்டால் தூர ஓடாதே, ஒட்டிப் போய் நில், அவனுக்குக் கையை வீச இடம் இருக்காது என்பாய். கம்பெனிக்காரர்களிடம் வரைபட வேலைக்குப் பேசும்போதும் நீ அப்படித்தான் ஒட்டிப் போய் நின்றாய். வீட்டிலிருந்தே வேலை வாங்கினாய். பிறகு உன்னைத் தேடி வந்தார்கள்.

ஒரு தடவை நீ ஜெயித்த ஆட்டத்தை இணையத்தில் போட்டாய். அதற்குக் கீழே வந்த பேச்சு இருக்கிறதே! கேடயத்துக்குப் பின்னால் ஒளிகிற கோழையாம். கோமணாண்டியாம். இதெல்லாம் சவாலே இல்லையாம், உருண்டு உருண்டு தப்பித்து அடிக்கிறவன்தான் ஆம்பளையாம். சொன்னவர்கள் எத்தனை லெவலில் நின்று சொன்னார்கள் தெரியுமா? நான் போய் எல்லாவற்றையும் பார்த்தேன். தலையிலிருந்து கால்வரை இரும்பு மாட்டியவர்கள், இடுப்பில் மருந்துக் குப்பி தொங்குகிறவர்கள் அத்தனை பேரும். நான் பதில் எழுத உட்கார்ந்தபோது நீ போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாய். ஒளிகிறவன் இம்புட்டுக் கிட்டத்தில் போய் நிற்பானா, அவர்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை, விடு என்றாய். நான் இன்னும் விடவில்லை.

இரண்டாவது ஆபரேஷனுக்கு நீ போகும்போது, உன் ஆள் கடைசி ராட்சசனின் கதவுக்கு முன்னால் நின்றான். நான் அவனுக்குப் பண்ணையார் என்று பெயர் வைத்திருந்தேன். எங்கள் ஊரில் அப்பா கூலிக்குப் போன வயலுக்காரர் வரப்பில் வருகிற நடை அப்படியே அவனுக்கு. வருவதே தெரியாமல் மெதுவாக வருவான், கை மட்டும் சட்டென்று நீளும். அத்தனை வருஷம் செலவழிக்காத புள்ளிகள் திரையின் மூலையில் மலையாய்க் குவிந்து கிடந்தன. அவற்றைப் பார்ப்பதில் உனக்கு ஒரு பெருமை இருந்தது. வந்து முடித்துக்கொள்ளலாம், கேம் மெஷினைத் தொடாதே என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினாய். நீ வரவில்லை.

துக்கத்துக்கு வந்த உன் அத்தை ஒருவர், ராத்திரி பகலாக அந்த கேமைக் கட்டிக்கொண்டு அழுதுதான் உடம்பைக் கெடுத்துக்கொண்டான் என்று கூடத்தில் உட்கார்ந்து சொன்னார். மருந்து குடிக்கக் கூடாது என்ற விதி திரைக்குள்தான் இருந்தது. வெளியே நீ ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது உன் அம்மாவுக்காக மட்டும்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சர்ச்சில் உன் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை முடிந்து எல்லோரும் உங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கே.கே. நகரிலிருந்து வந்திருந்த உன் பெரியப்பா மகன், நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர், எழுந்து நின்று எல்லோருக்கும் ஒன்று காட்டப்போவதாகச் சொன்னார். உன் மெஷினைக் கீழே கொண்டுவந்து கூடத்து டிவியில் மாட்டியிருந்தார். திரை எரிந்தது. தலை முதல் கால் வரை தங்க நிற இரும்புச் சட்டை போட்ட ஓர் ஆள் நின்றான். கேடயத்தைக் காணோம். இரண்டு கையிலும் பிடித்த ஒரு பெரிய கோடாலி. முகம் மட்டும் உன் ஆளின் முகம்.

மூலையில் பார்த்தேன். அந்த மலை இல்லை. லெவல் எங்கேயோ போய் நின்றது.

ஒரு வாரமாக வந்து உட்கார்ந்து, நீ சேர்த்த புள்ளிகள் அத்தனையையும் கொட்டி உன்னை வளர்த்திருக்கிறார், மாப்ள. வளர்த்து, பண்ணையாரை நாலு போடு போட்டு வீழ்த்தி, அதைப் பதிவும் செய்து, தம்பியின் ஆசையை நிறைவேற்றிவிட்டேன் என்று போட்டுக் காட்டினார். ஏற்றிய லெவலை இறக்க அந்த விளையாட்டில் வழியே இல்லை. சேமித்த இடத்தின் மேலேயே புதிய சேமிப்பு விழுந்துவிட்டது. கூடத்தில் கை தட்டினார்கள். உன் அத்தைகூடத் தட்டினார். உன் அம்மா சுவரோரம் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எச்சில் கையோடு எழுந்து வாசலுக்குப் போனேன். அண்ணன் பின்னாலேயே வந்து, என்ன தம்பி, பிடிக்கவில்லையா என்று கேட்டார். யாரைக் கேட்டுத் தொட்டீர்கள் என்றேன். குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. எம்புட்டுப் புள்ளியை அவன் சும்மா போட்டு வைத்திருந்தான், செலவழிக்கத் தெரியவில்லை போல என்று அவர் நினைத்திருக்கிறார்.

"நெசத்துலதான் அவனுக்கு ஒடம்பு குடுத்து வைக்கல. பாவம், அதுலயாவது பெலமா இருக்கட்டுமேன்னு பண்ணேன். அது ஒரு தப்பா?"

பாவம் என்ற அந்தச் சொல் வந்ததும் எனக்குக் கண் இருட்டியது. பெலமாக ஆக வேண்டும் என்று அவன் யாரிடம் கேட்டான் என்றேன். வளராத உடம்பை வைத்துக்கொண்டு அவன் கதவு வரைக்கும் போனான், நீங்கள் அந்த உடம்பைக் கழற்றி எறிந்துவிட்டு உங்கள் உடம்பை மாட்டிவிட்டீர்கள், கம்பெனிக்காரன் வாசலிலேயே நிறுத்தினான், நீங்கள் கதவு வரை போனவனைத் திருப்பி இழுத்து வந்துவிட்டீர்கள் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போய் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எல்லோரும் போன பிறகு உன் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தபோது பையன்களை நிறுத்திக் கேள்வி கேட்பாரே, அதே முகம். அவருக்குக் கிடைத்த ஒரு சந்தோஷத்தையும் நான் கெடுத்துவிட்டேன் என்று திட்டப்போகிறார் என்று நினைத்தேன். இருந்தாலும் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அவர் கேட்டது வேறு.

"ஏய்யா, அவன் ஆடுனா அடுப்படி வரைக்கும் டங்கு டங்குன்னு கேக்கும். ஒரு வாரமா இவன் ஆடுனான், ஒரு டங்குகூடக் கேக்கல. அது எம்புள்ள ஆட்டமா?"

கேடயத்தில் அடி விழுகிற சத்தத்தைத்தான் சொன்னார். இல்லை என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளி, மண்டபம், விதி, சாட்சி, ஒன்று விடாமல். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டார். அப்போது எதற்கு அழுதீர்கள் என்று கேட்டேன்.

"அவனுக்கு இரும்புச் சட்டையெல்லாம் மாட்டிவிட்டிருந்தான். எம்புள்ள கோவணத்தோடதான நிப்பான். அங்க போயும் அவனைப் பாவம்னு சொல்லிட்டாங்களேன்னு அழுதேன்."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஆட முடியுமா என்று கேட்டார். மாதக்கணக்கில் ஆகும், எனக்கு உன் கை வராது என்றேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்துவிடு, சோறு இங்கேதான் என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியுமா?

இவ்வாறாக இப்போது உன் நாற்காலியில் நான். புதிய ஆள், அதே கோவணம், அதே அண்டா மூடி. உன் அளவுக்கு எனக்குக் கண் கிடையாது. நீ ஒரு நாள் பார்த்துத் தெரிந்துகொண்டதை நான் பத்து நாள் செத்துத் தெரிந்துகொண்டேன். ஆனாலும் பண்ணையாரின் கதவுக்கு வந்துவிட்டேன். வந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். அவன் வீச்சு ஒவ்வொன்றையும் கேடயத்தில் வாங்குகிறேன், ஐந்தாவதோ ஆறாவதோ வரும்போது கேடயம் தெறித்து விழுகிறது, அடுத்த அடியில் ஆள் காலி. போன ஞாயிறும் அதேதான். கோபத்தில் நான் பொத்தானை அமுக்கிய அமுக்கில்தான் ஸ்பிரிங் போனது.

அடுப்படியிலிருந்து உன் அம்மா குரல் வந்தது. "ஒனக்கு விடாம கேக்குதுய்யா. அவன் ஆட்டத்துல நடுவுல நடுவுல சத்தம் நிக்கும்."

ஸ்பிரிங் போன கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ இதையே எத்தனை தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாய். திரையின் மேல் ஓடுகிற பச்சைக் கோடுதான் ஆளின் தெம்பு. கேடயம் ஒவ்வோர் அடி தாங்கும்போதும் அது குறையும். தூக்கிய கேடயத்தை இறக்கினால்தான் திரும்ப ஊறும். பயந்தவன் இறக்கவே மாட்டான். "எந்நேரமும் தூக்கிட்டே நின்னா கை ஓஞ்சு போகும் மாப்ள. அடி வராத நேரம் கையை எறக்கு" என்பாய். சாட்சி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டபோது எனக்கு அது வெறும் ஆட்ட நுணுக்கமாக இருந்தது.

பூசை நாளிலிருந்து நான் கேடயத்தை இறக்கவே இல்லை, மாப்ள. அண்ணன் போன் செய்தால் எடுப்பதில்லை. உன் அத்தை தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். உன்னைக் கோழை என்றவர்களின் பெயர்களை இன்னமும் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். கோபம் போய்விட்டது என்று நினைக்காதே, அது எங்கேயும் போகவில்லை, போகவும் வேண்டியதில்லை. ஆனால் தெம்பு இல்லை.

இன்று சாயங்காலம் டவுன்ஹால் ரோட்டில் ஸ்பிரிங் வாங்கினேன். கடைக்காரர் பொத்தானையும் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள், பழசு தேய்ந்துவிட்டது என்றார். வேண்டாம் என்று சொன்னேன். ஸ்பிரிங்கை மாட்டி, மூடியைப் போட்டுத் திருகாணி முடுக்கிவிட்டேன். வாசனை திரும்ப உள்ளே போய்விட்டது. உன் ஆள்காட்டி விரல் விட்டுப்போன வழுவழுப்பில் என் விரல் உட்காருகிறது.

நாளைக்கு ஞாயிறு. பண்ணையாரை நாளைக்கே வீழ்த்திவிடுவேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் உன் மூன்றாவது விதி ஒன்று இருக்கிறது, அம்மா அடுப்படியிலிருந்து காதால் பார்ப்பது அதற்குப் போதாது. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு உன் அண்ணனுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"நாளைக்கு வில்லாபுரம் வாங்கண்ணே" என்றேன். "என் பக்கத்துல நாற்காலி போட்டு வைக்கிறேன். அவன் எப்படி நின்னான்னு உக்காந்து பாருங்க. கையை மட்டும் வச்சிராதீங்க."

வாரேன் என்றார். எத்தனை மணிக்கு என்று இரண்டு தடவை கேட்டார். அந்த மனுஷனும் ஒரு வருஷமாக எதையோ தூக்கிக்கொண்டே நின்றிருப்பார் போல.

கல்மண்டபத்தில் போய் உட்காரும்போதெல்லாம் திரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது, வளர்க்கட்டுமா என்று. மூலையில் புள்ளிகள் மறுபடியும் மலையாகிவிட்டன. வேண்டாம் என்று அமுக்கிவிட்டு எழுந்து போகிறேன், மாப்ள. லெவல் ஒன்றுதான்.